மேற்குப் பார்த்த கடையில் காலை வெயில்

மூன்றாவது சீட்டும் கருகியிருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ரெக்ஸின் சுருங்கி, நடுவில் ஓட்டை விழுந்து, உள்ளே இருந்த ஸ்பாஞ்ச் காப்பிப்பொடி நிறத்தில் பொரிந்து கிடந்தது. டீச்சர் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை. பெஞ்சுமேல் குனிந்து முகர்ந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது கோபம் மூக்குக்கு மேல் வந்து நின்றது.

"எத்தனை நாளா?"

"எது அக்கா?" என்றான் தம்பி. கையில் பாதி இழுத்த ரெக்ஸின். வாயில் இரண்டு ஆணி.

"மறுபடி ஆரம்பிச்சு எத்தனை நாளாச்சுன்னு கேக்கறேன்."

தம்பி ஆணிகளை எடுத்து டப்பாவில் போட்டான். இரு சக்கர வண்டிகளுக்கு சீட் தைத்துக் கொடுப்பது அவன் தொழில். பழைய ரெக்ஸினைக் கிழித்து, ஸ்பாஞ்சுக்குப் பசை தடவி, வாசல் பெஞ்சில் காயவைத்துப் பிறகுதான் புது உறை போடுவான். பசை நிழலில்தான் காயவேண்டும். வெயில் பட்டால் குமிழ் விட்டுவிடும். அதற்காகவே பார்த்துப் பார்த்து மேற்கு வாசல் கடையாகப் பிடித்திருந்தான். மதியம்வரை வாசல் குளுகுளுவென்று இருக்கும்.

"நான் தொடலக்கா. ரெண்டு வருஷமாச்சு. வெயில்தான் பொசுக்குது."

"வெயிலா?"

"ஆமா. பத்தரை மணிக்கு வருது. வந்துட்டுப் போயிடுது."

டீச்சர் பத்தொன்பது வருடமாக மேல்வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறவள். அவளுடைய பள்ளியில் பையன்கள் சொல்லாத சாக்கு இல்லை. நாய் நோட்டைத் தின்ற கதையிலிருந்து நோட்டே நாயைத் தின்ற கதைவரை கேட்டாயிற்று. ஆனால் நாற்பத்திரண்டு வயது மனிதன், மேற்குப் பார்த்த கடையில் காலை பத்தரைக்கு வெயில் அடிக்கிறது என்று சொல்லி அவள் கேட்டதில்லை.

"சூரியன் எந்தப் பக்கம் உதிக்குதுன்னாவது ஞாபகம் இருக்கா?"

"நீதானே அக்கா பாடம் எடுக்கற. வந்து உக்காந்து பாரேன்."

"நீ நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்தப்ப ஆஸ்பத்திரியில பத்து நாள் உக்காந்து பாத்தேனே, அது போதாதா? இனிமே சிகரெட்டைத் தொட்டா என் மூஞ்சியிலயே முழிக்காதேன்னு சொன்னேன். நீ தலையாட்டின."

"நான் தொடலன்னு சொல்றேன்ல!"

"ஸ்பாஞ்சு தானா பத்திக்கிச்சா?"

அவன் டப்பாவிலிருந்து ஆணியை எடுத்து மறுபடி வாயில் வைத்துக்கொண்டான். அதையே அவள் ஒப்புதலாக எடுத்துக்கொண்டாள். விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள்.

மூன்று வாரம் அவள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. போன் எடுக்கவில்லை. தம்பி மனைவிதான் நடுவில் கிடந்து அல்லாடினாள். "அண்ணி, சட்டைப் பையெல்லாம் தினமும் தேடறேன். ஒரு தீக்குச்சிகூட இல்ல. வாயை ஊதச் சொன்னேன், அதுக்கு ரெண்டு நாள் சாப்பிடாம இருந்தாரு. ஆனா கடையில கருகற நாத்தம் மட்டும் போகல. நேத்து ஒரு ஆளு வந்து, என் சீட்டை எரிச்சுட்டீங்கன்னு தெருவே வேடிக்கை பாக்கற மாதிரி கத்திட்டுப் போறான்" என்று போனில் மூக்கை உறிஞ்சினாள்.

டீச்சர் முடிவு செய்தாள்: கையும் களவுமாகப் பிடித்தால்தான் சரிப்படும். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பத்து மணிக்குத் தம்பி கடைக்குப் பக்கத்துச் சாவிக்காரரிடம் போய் நின்றாள். சாவிக்காரர் குள்ளமான மனிதர். சாவி அரைக்கும் மெஷினைவிட அவர் வாய் அதிகம் ஓடும்.

"ஒளிஞ்சுக்கிறீங்களா டீச்சர்? தாராளமா உள்ள வாங்க. ஆனா அந்த ஸ்டூல்ல மட்டும் உக்காராதீங்க. போன வாரம் கால் மடங்கிடுச்சு."

பிளாஸ்டிக் ஸ்டூலின் ஒரு கால் சூடான மெழுகு மாதிரி வளைந்திருந்தது. டீச்சர் அதைக் கண்டுகொள்ளவில்லை. அவள் கண் முழுக்கத் தம்பியின் கைகளில் இருந்தது. அவன் உள்ளே, சுவர் ஓரமாக, ஊசியும் நூலுமாகத் தைத்துக்கொண்டிருந்தான். ஒரு கையில் ஊசி, மறு கையில் சீட். வாயில் ஒன்றும் இல்லை. அரை மணி நேரம் அவன் நிமிரக்கூட இல்லை.

பத்து முப்பத்தைந்துக்கு வாசல் பெஞ்சிலிருந்து புகை கிளம்பியது.

அவன் அங்கே இருந்தான். புகை இங்கே வந்தது. டீச்சர் சாவிக்கடையிலிருந்து இறங்கி ஓடினாள். பெஞ்சின் மேல் நீளவாக்கில் ஒரு வெளிச்சப் பட்டை கிடந்தது, கண் கூசும் வெண்மையில். சீட்டை இழுக்கக் கை நீட்டியவள் "ஆ" என்று பின்வாங்கினாள். புறங்கையில் சுரீர் என்றது. அப்போதுதான் தரையைப் பார்த்தாள். பெஞ்சின் நிழல் கடைக்குள் விழுந்திருந்தது. கிழக்குப் பக்கமாக. காலை நேரத்தில் நிழல் மேற்கேதான் விழவேண்டும். இங்கே வெளிச்சம் மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்தது.

மெதுவாகத் திரும்பினாள். எதிர்ச்சாரியில், புதிதாக எழும்பிய பதினெட்டு மாடி அலுவலகம். முகப்பை மூடியிருந்த பச்சைத் துணியை எடுத்து ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. அடியிலிருந்து நுனிவரை வெள்ளி பூசிய மாதிரிக் கண்ணாடி. அதுவும் நேர்ச் சுவராக இல்லை. யாரையோ கட்டிக்கொள்ளக் கை விரித்த மாதிரி இரண்டு ஓரமும் முன்னுக்கு வந்து, நடுப்பகுதி உள்வாங்கியிருந்தது. தம்பி கடைக்குப் பின்னாலிருந்து ஏறிவந்த சூரியன் அதன்மேல் விழுந்து, அப்படியே திரும்பி, ஒன்றாகக் கூடி, இந்தப் பெஞ்சுக்கு வந்துகொண்டிருந்தது.

குழி ஆடி.

போன வாரம்தான் கரும்பலகையில் படம் போட்டிருந்தாள். இணையாக வரும் கதிர்கள், வளைவு, குவியும் புள்ளி. வளைவு ஆரத்தில் பாதி தூரத்தில் குவியம் என்று வகுப்பையே மூன்று முறை சத்தமாகச் சொல்ல வைத்திருந்தாள். அதே வாரம் தம்பியின் போனையும் எடுக்காமல் இருந்தாள். 

தம்பி வாசலுக்கு வந்து நின்றான். அக்காவின் சிவந்த கையையும் பெஞ்சையும் பார்த்தான்.

"பாத்தியா?"

"பாத்தேன்டா. தப்பு என்மேலதான். நான்..."

"டீச்சர்," என்றான் அவன். வாழ்நாளில் முதல் தடவையாக அவளை அப்படிக் கூப்பிட்டான். "நான் சொன்னப்போ கால் மணி நேரம் உக்காந்து பாத்திருந்தா போதும். இப்ப மன்னிப்பெல்லாம் வேணாம். அதை நிறுத்த முடியுமான்னு பாருங்க."

'பாருங்க' என்ற மரியாதை அவளைப் புறங்கைச் சூட்டைவிட அதிகமாகச் சுட்டது.

மறுநாளே எதிர்க் கட்டடத்துக்குப் போனாள். ஏசி ஓடிய அறையில் மேனேஜர் அவளை நாற்பது நிமிடம் காக்கவைத்துவிட்டு, சிரித்த முகமாக வந்தார். அவள் சொன்னதை எல்லாம் தலையாட்டிக் கேட்டார். கடைசியில், "மேடம், வெயில் எல்லாருக்கும் பொதுதானே? அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார்.

"வெயில் பொது. அதைச் சேத்து ஒரே இடத்துல கொட்டறது உங்க கண்ணாடி."

"எங்க கண்ணாடி ரொம்ப உயர்ந்த தரம் மேடம். உள்ள கொஞ்சம்கூடச் சூடு வராது."

"உள்ள வராததெல்லாம் எங்க தம்பி கடைக்குத்தான் போகுது!"

மேனேஜர் அதற்கும் சிரித்தார். எழுத்துமூலமாகக் கொடுக்கச் சொன்னார்.

எழுதுவதென்றால் அளவோடு எழுதவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. சனிக்கிழமை காலை சாவிக்காரர் எங்கிருந்தோ ஐம்பது மீட்டர் டேப் ஒன்று கொண்டுவந்தார். வளைவின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நேராக இழுத்துப் பிடித்தார்கள். முப்பத்திரண்டு மீட்டர். அந்த நேர்கோட்டிலிருந்து நடுக்கண்ணாடி உள்வாங்கியிருந்த ஆழம் இரண்டரை மீட்டர். காவலாளி ஓடிவந்தார்.

"என்ன அளக்கறீங்க?"

"சாவி போடணும்," என்றார் சாவிக்காரர் கொஞ்சமும் அசராமல். "அதான் பூட்டு எவ்வளவு பெருசுன்னு பாக்கறோம்."

டீச்சர் தம்பி கடைப் படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். வளைவு ஆரம் ஐம்பத்திரண்டு மீட்டர் சொச்சம். பாதி, இருபத்தாறு. தெருவைக் கடந்து டேப்பை இழுத்தார்கள். கண்ணாடியின் நடுவிலிருந்து பெஞ்சுவரை சரியாக இருபத்தாறு மீட்டர். பாடப்புத்தகத்தில்கூட இவ்வளவு கச்சிதமாக வராது. வேறு நாளாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பாள். உள்ளே தம்பி தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தான். யாரிடம் போய்ச் சொல்வது?

கடிதத்தை நிறுவனத்துக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று என்று அனுப்பினாள். நிறுவனத்திலிருந்து பத்து நாளில் பதில் வந்தது, குடை வடிவில். அவர்கள் முத்திரை போட்ட பெரிய நீலக் குடை ஒன்றை இரண்டு பேர் தூக்கிவந்து கடை வாசலில் நட்டுவிட்டு, அதன் அடியில் தம்பியை நிற்கவைத்துப் படமும் எடுத்துக்கொண்டு போனார்கள். நான்காம் நாள் குடைத் துணியில் பழுப்பாக ஒரு கோடு விழுந்தது. ஆறாம் நாள் அந்தக் கோட்டிலேயே கிழிந்து தொங்கியது.

நகராட்சிப் பொறியாளர் ஒரு மாதம் கழித்து வந்தார், சாயங்காலம் மூன்றரை மணிக்கு.

"சார், காலையில பத்தரைக்கு வாங்கன்னு கடிதத்துல அடிக்கோடு போட்டு எழுதியிருந்தேனே!"

"காலையில மீட்டிங் மேடம். இப்ப ஒண்ணும் எரியலையே?"

"சூரியன் அந்தப் பக்கம் போயாச்சு சார். இப்ப எப்படி எரியும்?"

"அப்ப பிரச்சினை எப்பவும் இல்ல, அப்பப்பதான்னு எழுதிக்கட்டுமா?"

கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு நாள் காலையில் வரவழைத்தாள். அன்றைக்கு வானம் முழுக்க மேகம். பதினொன்றரைவரை டீச்சர், தம்பி, சாவிக்காரர், பொறியாளர் நான்கு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். பொறியாளர் இரண்டு டீ குடித்துவிட்டுக் கிளம்பினார். அடுத்த வாரம் அறிக்கை வந்தது. டீச்சர் அதைப் பள்ளி ஆசிரியர் அறையில் வைத்துப் படித்தாள். முக்கியமான வரி இதுதான்: 'மேற்படி கட்டடத்தின் முகப்பு குவி ஆடி வடிவில் அமைந்திருக்கவில்லை. எனவே ஒளி குவிவதற்கு வாய்ப்பில்லை.'

அவள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு வருடமும் வகுப்பில் பாதிப்பேர் செய்கிற அதே தப்பு. பெயரில்தான் குவி ஆடி. புடைத்துக்கொண்டிருக்கிற அது ஒளியைச் சிதறடிக்கும். குழிந்திருக்கிற குழி ஆடிதான் குவிக்கும். பையன்கள் எழுதினால் சிவப்பு மையில் சுழித்து ஒரு மதிப்பெண் குறைப்பாள். இவருக்கு எதைக் குறைப்பது? முதல் வாக்கியத்தில் பொய்யே இல்லை. கட்டடம் குவி ஆடி இல்லைதான்!

அலுவலகத்துக்கே போய்ப் பொறியாளரிடம் படம் வரைந்து காட்டினாள். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "கோப்பை மூடியாச்சு மேடம். திறக்கணும்னா புதுசா மனு கொடுங்க" என்றார். "அது மட்டுமில்ல, உங்க தம்பி கடையில இப்ப வெயில் வர்றதில்லைன்னு கம்பெனிக்காரங்க சொல்றாங்களே?"

அதுவும் உண்மையாகத்தான் இருந்தது. பருவம் மாறிக்கொண்டிருந்தது. சூரியன் தெற்கே சாயச் சாய, வெளிச்சப் பட்டை வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. கடைசி இரண்டு வாரமாகத் தம்பியின் பெஞ்சைத் தொடாமல் வெறும் நடைபாதையில் போய் விழுந்தது. தம்பி மனைவிகூட, "போய்த் தொலைஞ்சுதே அண்ணி, விடுங்க" என்றாள்.

"போகல. இன்னும் நாலஞ்சு மாசத்துல இதே வழியா திரும்பி வரும். அதுவரைக்கும் எங்க போகுதுன்னுதான் எனக்குப் பயம்" என்றாள் டீச்சர்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் பட்டை விழுந்த இடத்தில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, தேதியும் நேரமும் ஒரு நோட்டில் எழுதிவந்தாள். தெருவில் போகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். வாரத்துக்கு ஏழெட்டு அடி நகர்ந்தது. அந்தக் கணக்கில் போனால் இன்னும் மூன்று வாரத்தில் நடைபாதை ஓரத்து நிழற்குடைக்குப் போய்ச் சேரும். அது அந்த நிறுவனம் தன் ஊழியர்களுக்காகக் கட்டியது. பிளாஸ்டிக் தகட்டுக் கூரை, நாலு கம்பி, ஒரு பெஞ்சு. இரவு ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற பெண்கள் பத்தேமுக்கால் வேனுக்காக அங்கேதான் காத்திருப்பார்கள்.

மேனேஜரிடம் நோட்டோடு போனாள். தேதியைச் சொன்னாள், நேரத்தைச் சொன்னாள். "ஜோசியமும் பாப்பீங்களா மேடம்?" என்றார் அவர். இந்த முறை சிரிக்கக்கூட இல்லை.

அவள் சொன்ன தேதியில் மழை. மறுநாளும் மூட்டம். டீச்சர் வகுப்பு ஜன்னலில் வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கடுப்பானாள். வெயில் அடிக்கவேண்டும் என்று நினைக்கிறோமே, யாருக்காவது படட்டும் என்றா நினைக்கிறோம் என்று தன்மீதே எரிச்சல் வந்தது. மூன்றாம் நாள் விடியும்போதே பளீரென்று விடிந்தது. தலைமையாசிரியையிடம் விடுப்பு கேட்டாள். "இந்த வருஷத்துல ஒன்பதாவது அரை நாள்" என்று அவர் முகத்தைச் சுளித்தார். டீச்சர் அதற்குள் படியிறங்கி ஓடினாள்.

நிழற்குடையில் ஏழு பெண்கள். இராத்திரி முழுக்க வேலை செய்த களைப்பில் இரண்டு பேர் பெஞ்சில் சாய்ந்து கண் மூடியிருந்தார்கள். பட்டை நாலடி தூரத்தில் தரையில் ஊர்ந்துகொண்டிருந்தது.

"எல்லாரும் கொஞ்சம் எந்திரிச்சு இந்தப் பக்கம் வாங்கம்மா."

"யாருங்க நீங்க?"

"டீச்சர். சொன்னாப் புரியாது, முதல்ல எந்திரிங்க."

ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி, கோடு போடற அம்மா என்று காதைக் கடித்தாள். டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது. வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில், "எந்திரிங்கன்னு சொன்னா எந்திரிக்கணும்!" என்று ஒரு அதட்டல் போட்டாள். ஏழு பேரும், தாங்கள் பள்ளியை விட்டு எத்தனை வருடமானது என்று யோசிக்காமல், தடதடவென்று எழுந்து வெளியே வந்தார்கள். தூங்கியவளைத் தோளைப் பிடித்து இழுக்கவேண்டியிருந்தது.

கடைசியாக வந்தவள் தன் பையை பெஞ்சிலேயே விட்டிருந்தாள். அதை எடுக்கத் திரும்பினாள். "வேணாம்" என்று டீச்சர் கையைப் பிடித்தாள். அவள் கோபமாகக் கையை உதறும்போதே கூரைத் தகடு டப்பென்று ஒலி எழுப்பி நடுவில் தொய்ந்தது. பையின் கறுப்பு மேல்துணி மினுமினுத்து, சுருங்கி, புகைந்தது. நெடி மூக்கில் ஏறியது. அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை. எல்லாருடைய கையிலும் போன் இருந்தது; எல்லா போனும் தூக்கிப் பிடிக்கப்பட்டிருந்தது.

அன்று மத்தியானத்துக்குள் மேனேஜர் இறங்கி வந்து தொய்ந்த கூரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நாலே நாளில் முகப்பு முழுவதும் சாம்பல் துணி தொங்கியது. அடுத்த மாதமே கண்ணாடிக்கு முன்னால் செங்குத்தாக உலோகப் பட்டைகள் பொருத்த ஆள் ஏறிவிட்டார்கள். நகராட்சி ஒரு கடிதம் அனுப்பியது: 'ஊழியர்களின் நலன் கருதி நிறுவனம் தானாகவே முன்வந்து' என்று தொடங்கியது. நாலு மாதம் எரிந்த கடையைப் பற்றியோ, கடிதங்களைப் பற்றியோ, அளந்த இருபத்தாறு மீட்டரைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. டீச்சர் அதைப் படித்துவிட்டு எட்டாக மடித்தாள். கிழிக்கலாமா என்று யோசித்தாள். கிழித்தும் பிரயோஜனமில்லை என்று பையில் போட்டுக்கொண்டாள்.

கடைக்குப் போனபோது தம்பி ஒரு பெரிய சீட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். "அக்கா, இந்த ஓரத்தை இழுத்துப் பிடி," என்றான் எதுவும் நடக்காத மாதிரி. அவள் பையைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்தாள். அவன் வரிசையாக ஆணி அடித்தான்.

"ஒண்ணு சொல்லணும்," என்றான் நாலாவது ஆணியில். "நீ அன்னைக்குக் கத்திட்டுப் போன பாரு, அன்னைக்குச் சாயங்காலம் ஒண்ணு வாங்கிப் பத்தவச்சேன். எப்படியும் நம்பப் போறதில்ல, குடிச்சுட்டாவது திட்டு வாங்கலாம்னு."

டீச்சருக்கு வாய் தானாகத் திறந்தது. பத்தொன்பது வருடப் பழக்கம் தொண்டைவரை வந்து நின்றது. மூடிக்கொண்டாள். கையிலிருந்த ரெக்ஸினை மட்டும் அளவுக்கு மீறி இழுத்தாள்.

"மெதுவா, கிழிஞ்சிடும்," என்றான் தம்பி.

"முழுசுமா?"

"பாதிதான். இருமல் பிச்சுக்கிச்சு. தூக்கி எறிஞ்சுட்டேன்."

"நெஞ்சு வலிச்சுதா?"

"கோவம்தான் வலிச்சுது."

  அவன் சுத்தியலை எடுத்தான். அவள் அடுத்த ஓரத்துக்கு நகர்ந்து இழுத்துப் பிடித்தாள். இன்னும் பதினோரு ஆணி பாக்கியிருந்தது.